பிழை எந்த நேரத்தில் வந்தது?

பரணிலிருந்து பழைய வீட்டுக் கணினியை இறக்கித் தூசி தட்டுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது கேசட்டில்தான். 1982இல் பிரிட்டனில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஆகட்டும், புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் பின்னர் இங்கே விற்ற அதன் உள்நாட்டு வடிவம் ஆகட்டும், நிரல் ஏறாவிட்டால் திரையின் அடியில் ‘ஆர் டேப் லோடிங் எரர், 0:1’ என்று ஒரு வரி வந்து நிற்கும். அந்த வரிக்குள் காரணத்தைத் தேடுவது வீண்வேலை என்பது என் கட்சி. 0:1 என்பதை நாடாவில் ஏதோ ஓர் இடம் என்று எண்ணுகிறார்கள். வரி எண் இல்லாமல் நேரே தட்டிய கட்டளை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது அந்த வரி எப்போது வந்தது என்பதைத்தான்.

ஸ்பெக்ட்ரம் நாடாவின் ஒலியை நேரத்தால் அளந்து படிக்கிறது. பூஜ்யத்துக்கு ஏறக்குறைய அரை மில்லி விநாடி, ஒன்றுக்கு அதைப்போல் இரட்டிப்பு. ஒரு தொகுதி எவ்வளவு நீளமானாலும் அதன் கடைசியில் சரிபார்க்க இருப்பது ஒரே ஒரு பைட். துடிப்பு வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் கணினி அந்த இடத்திலேயே கைவிட்டுவிடும். எல்லாத் துடிப்புகளும் வந்து, ஒன்றிரண்டு மட்டும் மாறிப் படிக்கப்பட்டிருந்தால், தொகுதி முடிந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். இரண்டு நோய்க்கும் ஒரே சீட்டு! நடுவில் நின்றால் கசங்கிய நாடா, தளர்ந்த பெல்ட், ஆடுகிற வயர் என்று பார்க்கலாம். கடைசியில் நின்றால் வால்யூமையும், நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் சந்தேகிக்கலாம். திரை ஓரமும் சாட்சி சொல்லும்: முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமான பட்டைகள் நிதானமாக ஓடவேண்டும், பிறகு நீலமும் மஞ்சளும் பரபரக்க வேண்டும். சிவப்புப் பட்டையே நிலைக்கவில்லை என்றால் ஒலி கணினிக்கு ஒழுங்காக வந்துசேரவில்லை.

இந்தப் பாடு பிபிசி மைக்ரோவில் குறைவு. 1984-85இல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம் 250 பள்ளிகளில் தொடங்கியபோது கொடுத்த கணினி அது. நிரலை 256 பைட் துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு சரிபார்த்து, தவறினால் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றச் சொல்லும். அந்தத் துண்டிலிருந்து தொடர்ந்தால் போதும். ஸ்பெக்ட்ரத்திலோ 48 கே நிரல் ஏற ஐந்து நிமிடம் போல ஆகும், தவறினால் முதலிலிருந்து. விலை மலிவு, சரிதான். சிக்கனத்தை இந்த இடத்தில் பிடித்திருக்க வேண்டாம்.

நேரத்தைப் பார்ப்பதெல்லாம் எதற்கு, ஹெட் திருகைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும் என்பார்கள். பல சமயம் சரியாகவும் ஆகிவிடும், அதுதான் ஆபத்து. திருகு ஹெட்டின் சாய்வை மாற்றுகிறது. சாய்வு பிசகினால் மேல்சுருதி மங்கிவிடும். இந்த ஒரு கேசட்டுக்காகச் சாய்த்தால் ஒழுங்காகப் பதிவான மற்றக் கேசட்டுகள் ஏறாமல் போகலாம். அதே டேப் ரிகார்டரில் ஒரு சின்ன நிரலைப் பதிந்து, வெரிஃபை கட்டளையில் தேறினால் ரிகார்டர் நல்லது என்று முடிவுகட்டுவோரும் உண்டு. சாய்ந்த ஹெட் தான் சாய்வாக எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கும்! அதற்குப் பதில், ஒலிக்கோப்பு ஒன்றைக் கைபேசியிலிருந்து கணினியின் இயர் துளைக்குக் கொடுத்துப் பாருங்கள். அது ஏறினால் கணினிமேல் குற்றமில்லை. திருகைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், முதலில் அது இருந்த நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, ஓசை கூர்மையாகும்வரை துளித்துளியாகத் திருப்பவேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் கைபேசியிலேயே ஏற்றிவிடலாமே, கேசட் எதற்கு என்று கேட்கலாம். கடையில் விற்ற விளையாட்டுகளுக்கு அது நியாயமான கேள்வி. யாரோ ஒரு மாணவர் பேசிக்கில் எழுதிப் பதிந்து வைத்த நிரலுக்கு வேறு பிரதி ஏது? மலையடிவார ஊரான இலஞ்சியில் அந்த ஒரே பிரதிக்குக் கூடுதல் கண்டம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கினால் அலமாரிக்குள் இருக்கும் துணியே நமுத்துப்போகும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிப்பதில் வியப்பில்லை. அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். வெயில் காலத்தில் எடுத்து, நாடாவைத் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்த பிறகு, முதல் ஓட்டத்தையே மடிக்கணினியில் ஒலிக்கோப்பாகப் பதிந்துவிட வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் ஏறுகிறதா என்ற சோதனையை அந்தக் கோப்பை வைத்து எத்தனை முறையும் நடத்தலாம்.