ஏற்காடு சாலைச் சுவரும் கணினியின் வண்ணப்படமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் சேர்வராயன் மலையின் பாறை, மறுபக்கம் பள்ளம். இடையில் பேருந்தையும் லாரியையும் தாங்கி நிற்பவை தடுப்புச் சுவர்கள். சுற்றுலா வருபவர்கள் யாரும் அந்தச் சுவர்களைப் படம் எடுப்பதில்லை. ஆனால் அவை நிற்பதை நம்பித்தான் மேலே ஒரு ஊரே பிழைக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில், இந்தச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து பாதிக்கப்பட்டது. மலைமேல் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி, காய்கறி, கல்லூரி எல்லாம் பெரும்பாலும் இந்தச் சாலை வழியாகத்தான்.

இப்படி ஒரு சுவர் எவ்வளவு தாங்கும் என்று இன்று கணினியிலேயே பார்க்கலாம். அதற்கான வழியின் பெயர் ஃபைனைட் எலிமெண்ட் முறை. பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிமையானது. ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் சுமைக்கு எப்படி வளையும் என்று ஒரு சமன்பாடு எழுத வேண்டும். பிறகு பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைச் சேர்த்து, ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும். கடைசி வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். விமானத்தின் இறக்கைகளைக் கணக்கிடும் தேவையிலிருந்து வளர்ந்த முறை இது. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரின் கட்டுரை 1956ல் வெளிவந்தது. இந்தப் பெயரை 1960ல் வைத்தவர் அவர்களில் ஒருவரான கிளஃப்.

இன்று பொறியியல் மாணவர்கள் பலரும் ஆன்சிஸ், அபாகஸ் போன்ற மென்பொருள்களைப் பயிற்சி மையங்களில் கற்கிறார்கள். கற்பது நல்லதுதான். கற்றுக்கொடுக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. எந்த மெனு, எந்த பட்டன் என்பதில் பாடம் தொடங்குகிறது. சிவப்பும் நீலமுமாக ஒரு படம் வந்ததும் முடிந்துவிடுகிறது. அந்தப் படம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் அட்டைக்கும் போய்விடுகிறது. படத்தில் இருக்கும் எண் சரியா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழகியது. இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. ஒரு நடவடிக்கையை அடியோடு எழுதாமல் விட்டிருந்தாலும் இருப்பாய்வு அழகாகச் சமன் ஆகும். அதற்கு விடு பிழை என்று பெயர். இயந்திரம் வாங்கிய செலவைப் பழுதுபார்ப்புக் கணக்கில் எழுதினாலும் சமன் ஆகும். அது விதிப் பிழை. மென்பொருள் கூட்டலில் தவறாது. எதைக் கூட்டச் சொன்னோம் என்பது அதற்குத் தெரியாது. ஃபைனைட் எலிமெண்டிலும் இதே கதைதான்.

மலைச்சாலைச் சுவரையே எடுத்துக்கொள்ளலாம். 3 மீட்டர் உயரச் சுவர், பின்னால் காய்ந்த மண். மண்ணின் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 30 டிகிரி என்று வைத்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் சுமார் 27 கிலோநியூட்டன் விசையோடு தள்ளும். ஏறக்குறைய 2.7 டன். இப்போது மழை பெய்கிறது, சுவரில் நீர் வெளியேறும் துளைகள் அடைத்துக்கொண்டன, பின்னால் மேல்மட்டம் வரை தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் மட்டுமே 44 கிலோநியூட்டன் தள்ளும். நீரில் மூழ்கிய மண்ணும் தன் பங்கைச் சேர்க்கும். மொத்தம் இரண்டு மடங்குக்கும் மேல். மாணவர் தன் மாடலில் தண்ணீரைச் சேர்க்காமல் விட்டால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. சுவர் பத்திரம் என்று நீல நிறத்தில் காட்டும். அசல் விடு பிழை!

இது வெறும் வகுப்பறைப் பயம் என்று நினைக்க வேண்டாம். 1991 ஆகஸ்ட் 23ல் நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்க் கிணற்று மேடையின் கான்கிரீட் அடித்தளம், சோதனையின்போது கடலில் மூழ்கியது. கணினிக் கணக்கில் ஒரு முக்கியமான இடத்தின் துண்டுகள் சரியாக அமையவில்லை. அதனால் அங்கே வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். பிறகு செய்த கவனமான கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. அது உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். ஆக, முறையின் மேல் குற்றம் இல்லை. பயன்படுத்திய விதத்தில்தான் கோளாறு.

"இன்டர்வியூவில் மென்பொருள் பெயரைத்தானே கேட்கிறார்கள்?" என்று மாணவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலை வேண்டும், பீஸ் கட்டிய பணம் திரும்ப வேண்டும். ஆனால் பட்டன் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும்போது, விடை தவறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. கால்குலிக்ஸ், கோட் ஆஸ்டர் போன்ற இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. முதல் பயிற்சியாக 1 மீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டு உள்ள ஓர் இரும்புக் கம்பியை எடுக்கலாம். ஒரு முனை சுவரில் பதிந்திருக்கிறது, மறுமுனையில் 1000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ எடை தொங்குகிறது. பேப்பரில் போட்டால் முனை 3.2 மில்லிமீட்டர் இறங்கும், அதிகபட்சத் தகைவு 48 மெகாபாஸ்கல். இதை எழுதி வைத்துவிட்டுத்தான் கணினியைத் தொட வேண்டும். பெரிய முக்கோணத் துண்டுகளாகப் பிரித்தால் இறக்கம் மிகக் குறைவாக வரும். துண்டுகளைச் சிறிதாக்க ஆக்க 3.2ஐ நெருங்கும். அந்த ஒரு மாலையில் புரிவது, மெனுக்களை மனப்பாடம் செய்வதில் புரியாது.

சென்னை தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், மின்கம்பிகளைத் தாங்கும் உயர்கோபுரங்களை முழு அளவில் நிறுத்தி, கம்பி கட்டி இழுத்துச் சோதிக்கிறது. கணினிக் கணக்கு முடிந்த பிறகும் அங்கே இரும்பை இழுத்துப் பார்க்கிறார்கள் என்றால், மாணவர்களின் கணக்குக்கும் அந்த மரியாதை வேண்டும்.

சேலம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இதற்கு நல்ல ஆய்வுக்கூடம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஏற்காட்டுக்கு டூர் போகும் பேருந்தை ஒரு வளைவில் நிறுத்தி, ஒரு சுவரின் உயரத்தை அளந்து, நீர்த்துளைகளில் எத்தனை அடைத்திருக்கின்றன என்று எண்ணச் சொல்லலாம். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் வண்ணப்படத்துக்குப் பதில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: என்னென்ன சுமை சேர்த்தோம், எதை விட்டோம், கையால் போட்ட விடை என்ன. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத ப்ராஜெக்டுக்கு மார்க் போடக் கூடாது. நாளை அந்தச் சாலைச் சுவரை வடிவமைக்கப் போவது இன்றைய மாணவர்களில் ஒருவர்தான். மழை வரும்போது அந்தச் சுவர் தண்ணீரையும் சேர்த்தே தாங்க வேண்டும்.