டிராகுலா வேண்டும், ஹார்ட்ஸ்டாப்பர் வேண்டாமா?

டிராகுலாவை ரசிப்பேன், ஆனால் இந்தக் காலத்து 'அந்த மாதிரி' காமிக்ஸ் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்கிற என் வயதுக் காமிக்ஸ் நண்பர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாக இருக்கும். கோபம் வந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கத்துப் பழைய காமிக்ஸ் வாசகர்கள் இருபது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். பாதிப் பேர் தறி ஓட்டி ஓய்ந்தவர்கள், மீதிப் பேர் என்னைப் போலப் பென்ஷன்காரர்கள். போன மாதம் ஒருவர் 'ஹார்ட்ஸ்டாப்பர்' என்ற புத்தகத்தின் அட்டையைப் படம் பிடித்துப் போட்டு, பேத்தியின் பையிலிருந்து அதைப் பிடுங்கி வைத்துவிட்டதாகப் பெருமையாக எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். 'மேல்நாட்டுக் குப்பை', 'நம்ம பண்பாட்டுக்கு ஆகாது', 'தடை பண்ணோணும்' என்று ஆளுக்கொரு வரி.

"ஏனுங்ணா, அந்தப் புத்தகத்தை நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டேன். "அதையெல்லாம் எதுக்குங்க படிக்கோணும்?" என்று பதில் வந்தது. இதே அண்ணன் ரத்தக் காட்டேரிக் கதை என்றால் உயிரை விடுவார். டிராகுலா படமோ புத்தகமோ, ஒன்றையும் விட்டதில்லை.

இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காட்டேரிக் கதையை வைத்துக்கொண்டு ஒருபால் ஈர்ப்புக் கதையை மட்டும் தூக்கி எறிய முடியாது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

முதலில் நம் வேதாளத்தையே எடுத்துக்கொள்வோம். 1947ல் தொடங்கிய அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு சுடுகாட்டில் நடக்கும் படம் நம் தலைமுறையில் யாருக்கு மறக்கும்? அதை வரைந்த சங்கர் நம் கொங்குச் சீமைக்காரர். ஈரோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1924ல் பிறந்தவர். 2020ல் காலமானார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த வேதாளக் கதைகளில் பதினொன்றை ரிச்சர்ட் பர்ட்டன் என்ற வெள்ளைக்காரர் 1870ல் ஆங்கிலத்தில் தன் பாணியில் எழுதி வெளியிட்டார். அவர் வைத்த தலைப்பு 'விக்ரமும் வேம்பயரும்'. நம் வேதாளம் ரத்தம் குடிக்காது, கேள்வி கேட்டே ஆளை வாட்டும். இருந்தாலும் டிராகுலா வருவதற்கு இருபத்தேழு வருஷம் முன்பே அதற்கு அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது.

அந்த வேதாளம் சொல்லும் கதைகளில் ஒன்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு பிராமண இளைஞன் மந்திரக் குளிகையை வாயில் அடக்கிக்கொண்டு பெண்ணாக மாறுகிறான். இளவரசியின் தோழியாக அந்தப்புரத்தில் தங்குகிறான். இரவில் குளிகையை எடுத்துவிட்டு ஆணாகிறான். இளவரசி அவனை மனதார ஏற்கிறாள். நடுவில் மந்திரி மகன் பெண்ணுருவில் இருக்கும் அவனைப் பார்த்து மயங்கி, கல்யாணமே பண்ணிக்கொள்கிறான். கடைசியில் இளவரசி யாருக்கு மனைவி என்று வேதாளம் கேட்கிறது. சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே இது இருக்கிறது. இதை எந்த மேல்நாட்டான் கப்பலில் கொண்டு வந்து இறக்கினான்?

அடுத்து, அண்ணன் கொண்டாடும் மேல்நாட்டுக் காட்டேரிக்கு வருவோம். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தது 1897ல். அதற்கு 25 வருஷம் மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், பெயர் கார்மில்லா. ஸ்டோக்கரைப் போலவே டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானு எழுதியது. 1871, 72ல் பத்திரிகையில் தொடராக வந்தது. ஸ்டிரியா நாட்டுக் காட்டுக்குள் ஒரு மாளிகை, அதில் அப்பாவோடு தனியாக வளரும் லாரா என்ற பெண். வண்டி விபத்தில் வந்து சேரும் கார்மில்லா அவளிடம் பேசுவதெல்லாம் காதல் பேச்சு, வேறு பெயர் கிடையாது. லாராவுக்குப் பயமும் இருக்கிறது, ஈர்ப்பும் இருக்கிறது. ஆண்கள் எல்லோரும் சேர்ந்து காட்டேரியை முடித்த பிறகும் லாராவுக்கு அவள் நினைப்பு போவதில்லை. பெண் பெண்ணை விரும்புவதை நேராக எழுத முடியாத காலத்தில், பல்லையும் ரத்தத்தையும் போர்த்தி எழுதினார்கள். காட்டேரிக் கதை என்ற வகையே அப்படி ஒளித்துச் சொல்வதற்கு இடம் கொடுத்து வளர்ந்தது. 'கிளாசிக்' என்று தலையில் வைத்து ஆடுகிறோமே, அதன் அடிமடியில் இருப்பது இதுதான்.

மூன்றாவது விஷயம் காமிக்ஸ் ரசிகர்கள் எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1954ல் அமெரிக்காவில் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் வாழ்வதைக்கூட ஓரினச்சேர்க்கைக் கனவு என்றார். ஊரே பதறியது. அதே ஆண்டில் பதிப்பாளர்கள் கூடி, தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். அதில் காட்டேரி கூடாது, நடைப்பிணம் கூடாது, ஓநாய் மனிதன் கூடாது. 'பாலியல் பிறழ்வு' என்று அவர்கள் பெயர் வைத்ததைச் சாடையாகக் காட்டுவதும் கூடாது. இரண்டு தடையும் ஒரே காகிதத்தில்!

காட்டேரிக்கு விடுதலை 1971ல் கிடைத்தது. டிராகுலா மாதிரி நல்ல இலக்கிய மரபில் வந்தால் சரி என்று விதியைத் தளர்த்தினார்கள். மறு வருஷமே மார்வெல் 'டிராகுலாவின் கல்லறை' இதழைத் தொடங்கியது. ஒருபால் ஈர்ப்புள்ளவர்களுக்கான தடை நீங்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சட்டத்தை உருவாக்கிய சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் ஆர்ச்சி காமிக்ஸை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் கோல்ட்வாட்டர். அதே ஆர்ச்சி காமிக்ஸ் 2010ல் கெவின் கெல்லர் என்ற, ஆண்களை விரும்பும் பையனை ரிவர்டேல் ஊருக்குக் குடியேற்றியது. 2011ல் அந்தச் சட்டமே காலாவதியானது. அமெரிக்காக்காரன் கிழித்துப் போட்ட காகிதத்தை எடுத்து ஒட்டி, சோமனூரில் எதற்கு அமல்படுத்த வேண்டும்?

இனி வழக்கமான ஆட்சேபங்கள்.

'மேல்நாட்டுச் சரக்கு.' 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி எந்த ஊர்? இங்கிலாந்தின் வேலியண்ட் பத்திரிகை. டெக்ஸ் வில்லர் இத்தாலி. மாடஸ்டி பிளைசி லண்டன். வெளிநாட்டுச் சரக்கு இல்லாவிட்டால் நம் பால்யத்தில் பாதி காணாமல் போகும். போகட்டும், இந்தியச் சரக்கே வேண்டுமென்றால் அம்ருதா பாட்டீல் எழுதி வரைந்த 'கரி' 2008லேயே வந்துவிட்டது. காதலித்த பெண்ணைப் பிரிந்து, பெருநகரத்தில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியின் கதை.

'பண்பாட்டுக்கு ஆகாது.' கூவாகத்தில் சித்திரை மாதம் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழும் திருநங்கைகள் எந்தப் பண்பாடு? திருநங்கையருக்கு நலவாரியத்தை 2008லேயே அமைத்தது நம் மாநிலம்தான்.

'பிள்ளைகள் கெட்டுவிடும்.' மாயாவி கரண்டில் கையை வைத்து மறைவதைப் படித்துத்தானே வளர்ந்தோம்? தறிக்குடோனில் யாராவது சுவிட்சுக்குள் விரலை விட்டு மாயமானானா? கதை படித்து யாருடைய ஈர்ப்பும் மாறாது. ஏற்கெனவே அப்படி இருக்கிற பிள்ளைக்கு, உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று தெரியும். அவ்வளவுதான்.

வயது பார்த்துக் கொடுங்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அலிசன் பெக்டலின் 'ஃபன் ஹோம்' பெரியவர்கள் படிக்க வேண்டியது. ஆனால் ஆலிஸ் ஓஸ்மன் எழுதிய ஹார்ட்ஸ்டாப்பரில் என்ன இருக்கிறது? சார்லி, நிக் என்ற இரண்டு பள்ளிப் பையன்கள். கை கோப்பது, முத்தம் கொடுப்பது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவிப்பது. கூடப் படிப்பவர்கள் கேலி செய்து ஒரு பையனை எவ்வளவு தூரம் நொறுக்க முடியும் என்பதும் இருக்கிறது. கழுத்தைக் கடித்து ரத்தம் குடிக்கும் புத்தகத்தைப் பேரனுக்குக் கொடுக்கிறீர்கள், கை கோப்பதைப் பிடுங்குகிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

என் கவலை புத்தகத்தைப் பற்றியதுகூட இல்லை. அந்தப் பேத்தி சும்மா ஆர்வத்துக்குப் படித்திருக்கலாம், தோழி கொடுத்திருக்கலாம். அல்லது தனக்காகவே படித்திருக்கலாம். எனக்குத் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. ஆனால் இந்த வீட்டில் எதைப் பேசக்கூடாது என்பது அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. அதற்குப் பிறகும், பெற்றோர் எதிர்ப்புக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து, 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். இவர்களை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பதற்கும் தடை போட்டார். அவ்வளவு வேலைக்கு நடுவில் ஒரு நீதிபதிக்கு நேரம் இருந்தது. காலை நடை முடிந்தால் டீக்கடை, டீக்கடை முடிந்தால் செல்போன் என்றிருக்கும் நமக்கு ஒரு படக்கதையைப் படிக்க நேரமில்லையா?

தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்பது வேதாளம் போட்ட நிபந்தனை. அதனால்தான் குழுவில் சும்மா இருக்க முடியாமல் இங்கே எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஒரே வேண்டுகோள். பிடுங்கி வைத்த புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது? முதல் பாகம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். படித்துவிட்டுப் பேத்தியிடம் திருப்பிக் கொடுங்கள், கதை எப்படி என்று அவளிடமே பேசுங்கள். கார்மில்லா வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.