எண்ணெய்க் கம்பெனி மாப்பிள்ளையா? "பேசிக்" எவ்வளவுன்னு கேளுங்க!

போன மாதம் என் நாத்தனார் மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் அபுதாபியில், கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்க்கிறான். நம்ம ஊர்க் கணக்கில் மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம். "எண்ணெய்க் கம்பெனி உத்தியோகம், எங்க பையனுக்கு என்ன குறைச்சல்?" என்று சொல்லி, நாற்பது பவுனும் ஒரு காரும் எதிர்பார்க்கிறார்கள். (கேட்கிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது தானே" என்பார்கள்.) வீட்டுப் பத்திரத்தை வைத்தாவது செய்து விடலாம் என்று நாத்தனார் முடிவோடு தான் வந்தார். என் கணவரும் அதே வேலை பார்த்தவர் என்பதால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வந்தார்களாம்.

நான் ஒன்றே ஒன்று தான் கேட்டேன். "அண்ணி, அந்த ஒன்றரை லட்சத்தில் பேசிக் எவ்வளவு?"

அண்ணிக்கு முகம் சுருங்கி விட்டது. "நல்ல காரியம் பேச வந்தா நீ என்ன வக்கீல் மாதிரி கேள்வி கேக்குற? என் பொண்ணு நல்லா இருக்கறது உனக்குப் பொறுக்கலையா?" என்று எழுந்து போனவர் தான். அதன் பிறகு பேசவில்லை. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவரிடம் சொல்ல முடியாததை, இங்கே சகோதரிகளிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் நரிமணம், கமலாபுரம் என்று எண்ணெய்க் கிணறுகள் உண்டு. என் கணவர் இருபது வயதில் அங்கே காண்டிராக்ட் ஆளாகச் சேர்ந்து வேலை கற்றுக் கொண்டார். நிரந்தர ஊழியர்கள் வேறு, காண்டிராக்ட் ஆட்கள் வேறு. தலையில் போடும் தொப்பி ஒன்று தான். சம்பளக் கவர் வேறே. 2010-ல் ஏஜெண்ட் மூலம் வளைகுடாவுக்குப் போனார். மூன்று கால் ஊன்றிக் கடலில் நிற்கும் இரும்பு மேடை. முப்பது அடி நீளக் குழாய்களை ஒன்றோடொன்று திருகிப் பூமிக்குள் இறக்கிக் கொண்டே இருக்க வேண்டும். தினம் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மூன்று மாதம் வேலை, ஒரு மாதம் லீவு. லீவில் வந்தால் முதல் மூன்று நாள் தூங்கிக் கொண்டே இருப்பார். இயந்திரச் சத்தத்தில் காது மந்தமாகி, வீட்டுக்குள் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். பிள்ளைகள் "அப்பா திட்டுறாரா?" என்று என்னைக் கேட்கும்.

அப்போது கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்றது. பீப்பாய் என்றால் 159 லிட்டர். 2014 ஜூனில் 115 டாலர் வரை போனது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பணம் ஒழுங்காக வந்தது, அது தான் தெரியும். அந்தத் தைரியத்தில் மாடி வீடு கட்ட ஆரம்பித்தோம். பேங்க் கடன் போக, கைமாற்று வேறு. மாதத் தவணையை அவருடைய முழுச் சம்பளத்தை வைத்துத் தான் கணக்குப் போட்டேன். கணக்குப் போட்டது நான் தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

2014 நவம்பர் 27. வியன்னாவில் கூடிய ஒபெக் நாடுகள், விலை சரிந்தாலும் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவு செய்தன. டி.வி.யில் ஒரு நிமிடச் செய்தி. நான் சீரியல் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அதன் பிறகு விலை மளமளவென்று இறங்கியது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். பெட்ரோல் குறையப் போகுது, பஸ் டிக்கெட் குறையப் போகுது என்று பேச்சு. நானும் சேர்ந்து சிரித்தேன். எதுக்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்த மடச்சி!

2015 கடைசியில் ஒரு மாதம், பணம் வழக்கமான தொகை தான் வந்தது. ஆனால் அனுப்பியவர் பெயர் அவருடையது இல்லை. அடுத்த மாதமும் வேறொருவர் பெயர். போனில் கேட்டேன். "லைன்ல நிக்க நேரமில்ல, ரூம்ல இருக்கறவர் போட்டாரு" என்றார். மூன்றாவது மாதமும் அப்படியே வரவும், "ஏங்க, உண்மையைச் சொல்லுங்க, உடம்புக்கு ஏதாவதா?" என்று அழுது விட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் தான் சொன்னார். ரிக்கைக் கரையோரம் இழுத்து வந்து கட்டிப் போட்டு விட்டார்களாம். மூன்று மாதமாகப் பேசிக் மட்டும் தான். வீட்டுத் தவணை நிற்கக் கூடாதே என்று அறைத் தோழர்களிடம் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்.

எனக்கு அன்றைக்குத் தான் பேசிக் என்ற வார்த்தையே தெரியும். அவர் வாங்கியதில் பேசிக் மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் ரிக்கில் நிற்கும் நாளுக்குக் கொடுக்கும் அலவன்ஸ், ஓவர்டைம். ரிக் நின்றால் அதுவும் நின்று போகும். 2016 ஜனவரியில் கச்சா எண்ணெய் 30 டாலருக்குக் கீழே வந்தது. மார்ச்சில் கணக்கை முடித்து அனுப்பி விட்டார்கள். அங்கே சட்டப்படி பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடம் 30 நாள். ஆனால் அது பேசிக் சம்பளத்தில் தான். ஆறு வருட உழைப்புக்கு 135 நாள், அதாவது நாலரை மாதப் பேசிக். ஊர் நினைத்துக் கொண்டிருந்த சம்பளக் கணக்கில் பார்த்தால் வெறும் ஒன்றரை மாதம்! அறைத் தோழர்கள் கடனை அடைத்த பிறகு கையில் மிஞ்சியது, பிள்ளைகளுக்கு வாங்கி வந்த ஒரு டப்பா பேரீச்சம்பழமும் அவருடைய சூட்கேஸும்.

அதை விடக் கொடுமை அதற்குப் பிறகு தான். "லீவுல வந்திருக்கான்னே சொல்லு, கௌரவம் போயிடும்" என்றார் மாமியார். சொன்னேன். ஒரு மாதம் ஆனது, இரண்டு மாதம் ஆனது. "என்ன, லீவு இன்னும் முடியலையா?" என்று கடைத்தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் வாசல் வழியே போவதை நிறுத்தி, கொல்லைப்புற வழியாகப் போய் வர ஆரம்பித்தார். ஆறடி உயர மனுஷன், குனிந்து கொல்லைக் கதவில் நுழைவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒரு நாள் நானே தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் இருக்கும்போது, "அவருக்கு வேலை போயிடுச்சு" என்று சொல்லி விட்டேன். அன்றைக்கு மாமியார் சாப்பிடவில்லை. மறுநாள் அவர் வாசல் வழியாகப் போனார். பட்டறையில் தினக்கூலிக்கு வெல்டிங் வேலை கிடைத்தது. என் தாலிச்செயின் உட்பட பன்னிரண்டு பவுன் அடகுக் கடைக்குப் போய்த் தவணை கட்டினோம்.

சரி, எங்கள் பிழைப்பைக் கெடுத்த அந்த விலை வீழ்ச்சி, உங்களுக்காவது முழுசாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. கச்சா எண்ணெய் கால் பங்காகக் குறைந்தது. பங்க்கில் பெட்ரோல் கால் பங்காகவா ஆனது? 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரிக்குள் மத்திய அரசு ஒன்பது தடவை கலால் வரியை ஏற்றியது. அரசாங்கத்துக்கும் செலவு இருக்கும், நான் அதற்குள் போகவில்லை. வேலையும் போய், போட்ட பெட்ரோலும் அப்படியொன்றும் மலிவாக இல்லையே என்ற ஆதங்கம் தான்.

2017-ல் வேறொரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். சம்பளம் குறைவு. இந்த முறை போகும் முன் காண்டிராக்ட் தாளை இருவரும் உட்கார்ந்து படித்தோம். எனக்கு ஆங்கிலம் தடவித் தடவித் தான் வரும். பத்தாவது படித்த மகன் வாசித்துச் சொன்னான். பேசிக்குக்குள் குடும்பம், அலவன்ஸ் என் பெயரில் பேங்க் டெபாசிட் என்று முடிவெடுத்தோம். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. தீபாவளிக்கு உறவுக்காரர்களுக்குத் துணி எடுக்காததால், "கை சுருங்கிப் போச்சு அவளுக்கு" என்று பேர் வந்தது. வரட்டும்.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. எடுத்துக் கொண்டு போனால் போதும், காசும் தருகிறோம் என்ற நிலை. அப்போது அவர் கடலில். கொரோனாவால் மாற்று ஆள் வர முடியாமல், மூன்று மாதம் ஐந்தரை மாதமாக நீண்டது. கரைக்கு வந்ததும் காண்டிராக்ட் முடிந்தது என்று அனுப்பி விட்டார்கள். அந்த ஒரு வருடம் டெபாசிட்டை உடைத்துச் சாப்பிட்டோம். ஆனால் யாரிடமும் கை நீட்டவில்லை, அவரும் கொல்லை வழியாகப் போகவில்லை. (அந்த மே மாதமும் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கலால் வரி ஏறியது.)

2022 மார்ச்சில் உக்ரைன் போரால் விலை 130 டாலரைத் தாண்டியது. "உனக்கென்ன, எண்ணெய் விலை ஏறினா உங்க வீட்ல பணம் கொட்டும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மறுபடி வேலைக்குப் போயிருந்த என் கணவருக்குச் சம்பளம் ஏறியது அடுத்த வருடம் தான். ஆனால் காஸ் சிலிண்டர் 2022 மே மாதமே ஆயிரம் ரூபாயைத் தாண்டி விட்டது. விலை ஏறினால் தொழிலாளிக்குத் தெரிய ஒரு வருடம் ஆகிறது. இறங்கினால் ஒரே மாதத்தில் தெரிந்து விடுகிறது. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்க் கேட்க? 2023 கடைசியில் அவர் போதும் என்று வந்து விட்டார். இப்போது அதே பட்டறையில் பங்குதாரர்.

எண்ணெய்த் தொழிலில் இருப்பவருக்குப் பெண் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இவரைக் கட்டியதற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அந்தச் சம்பளத்தை நம்பி நாற்பது பவுனுக்குக் கடன் வாங்காதீர்கள் என்கிறேன். பேசிக் எவ்வளவு, ஆள் எடுத்தது எண்ணெய்க் கம்பெனியா அல்லது அதற்குக் கீழே இருக்கும் காண்டிராக்டரா, ரிக் நின்றால் எத்தனை நாள் சம்பளம் வரும் என்று கேட்பதில் என்ன தப்பு? ஜாதகத்தில் செவ்வாய் எங்கே இருக்கிறது என்று நாலு ஜோசியரிடம் கேட்கிறோமே! கட்டியவரிடமும் இதைக் கேட்கலாம். "உனக்கெதுக்கு அதெல்லாம்" என்று ஆண்கள் சொல்வது பெரும்பாலும் திமிரால் இல்லை, பயத்தால் தான். என் கணவர் மூன்று மாதம் மறைத்ததும் அந்தப் பயத்தால் தான்.

அண்ணி பேசாவிட்டாலும், அவர் மகள் போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ரகசியமாகப் போன் செய்தாள். "அத்தை, அவர்கிட்ட நானே கேட்டுட்டேன். பேசிக் நாற்பத்தஞ்சாயிரமாம். இதுவரைக்கும் பொண்ணு பார்த்த எடத்துல யாரும் இதைக் கேட்டதில்லன்னாரு. மறைக்காம சொன்னாரு அத்தை" என்றாள். நாற்பத்தைந்தாயிரத்தில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அரை மணி நேரம் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வீட்டுப் பத்திரத்தை வைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சண்டை போடுகிறாளாம். ஆடி முடிந்து பேசலாம் என்று இரு வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். கார் பேச்சு மட்டும் இப்போதைக்கு அடங்கியிருக்கிறதாம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்.