பெருந்திணைக்கு நிலம் உண்டா? ‘மோகமுள்’ளும் ‘குணா’வும்

தொல்காப்பியம் முல்லை முதலிய நான்கு திணைகளுக்கு நிலம் வகுத்தது; அளவிறந்த காமத்தைப் பேசும் பெருந்திணைக்கு நிலம் கூறவில்லை. காதல் நாவல்கள் திரைப்படமாகும்போது எழும் ஏமாற்றத்தை விளக்க இவ்வேறுபாடு துணைசெய்யும்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில், தன்னினும் மூத்த யமுனாமீது பாபு கொள்ளும் வேட்கை கும்பகோணத்தில் தோன்றினும் ஊரைச் சார்ந்ததன்று. ஆண்டுக்கணக்கான காத்திருப்பாக அவன் மனத்துள்ளேயே வளர்கிறது. ஞான ராஜசேகரன் இயக்கிய திரைப்படம் (1995) கும்பகோணச் சூழலை அக்கறையுடன் காட்டியது, கதையையும் சிதைக்கவில்லை. ஆயினும் காத்திருப்பின் சுமை காட்சிகளுக்கிடையே நழுவிவிட்டது. யமுனாவின் இசைவு நாவலில் காலம் ஈன்ற விளைவு. படத்திலோ கதையின் அடுத்த நிகழ்ச்சி மட்டுமே.

இதற்கு மறுதலையாக, நாவல் எதனையும் சாராத ‘குணா’ (1991), பித்தேறிய காதலுக்குக் கொடைக்கானலின் மலைக்குகையொன்றைப் புறவடிவாக்கியது. பழனிமலைத் தொடரின் அவ்விடம் இன்று ‘குணா குகை’ என்றே வழங்குகிறது. இலக்கணம் நிலம் தராத திணைக்குத் திரை தானே ஒரு நிலம் படைத்துக்கொண்டது எனலாம்.

எனவே, படம் மூலத்துக்கு உண்மையாக உள்ளதா என்னும் வினா மட்டும் போதாது. நாவல் காலத்தால் நிகழ்த்தியதைத் திரை எதனால் ஈடுசெய்தது என்பதே தழுவல் ஆய்வுகள் எழுப்ப வேண்டிய வினாவாகும்.