மண்ணுக்குள் மனிதன்! மண்ணுக்கு மேல் வேடிக்கை!

"ஏழு பகல், ஏழு இரவு, கால் தரையில் படாமல் சைக்கிள் ஓட்டிய வீரன், இன்றிரவு உயிரோடு புதைக்கப்படுவான்! தாய்மார்களே, பெரியோர்களே! தவறாமல் வாருங்கள், தங்களால் இயன்றதைத் தாருங்கள்!"

ஒலிபெருக்கி முழங்குகிறது. ஊரே திரள்கிறது. குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய் முன்வரிசையில் நிற்கிறாள். பெட்டிக்கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு ஓடிவருகிறார். நடுவிலே ஒரு குழி. குழியருகே ஓர் இளைஞன். ஒட்டிய கன்னம், உறக்கம் காணாத கண், சட்டை நிறையக் குத்தப்பட்ட ஒற்றை ரூபாய்த் தாள்கள். அவன் கும்பிடுகிறான், படுக்கிறான். பலகை மூடுகிறது; மண் விழுகிறது. கைதட்டல் வானைப் பிளக்கிறது!

கற்பனை என்று தள்ளாதீர்கள், தோழர்களே! தமிழகத்துச் சிற்றூர்களில் சென்ற தலைமுறை கண்டு களித்த காட்சி இது. ஊர்ப் பொதுவிடத்தில் கம்பம் நட்டு, வட்டம் போட்டு, சைக்கிள் மீதே உண்டு, சைக்கிள் மீதே குளித்து, குழல்விளக்கை மார்பிலே உடைத்து, இசைத்தட்டுக்கு ஆடிக்காட்டி, இத்தனைக்கும் பிறகு 'இன்னும் என்ன?' என்று கேட்கும் கூட்டத்துக்கு இறுதியாக அவன் வைத்த படையல் தன் உயிர். ஏழு நாள் உழைப்புக்குத் தராத காசை, எட்டாம் நாள் குழிக்குத் தந்தது ஊர்!

மரக்காணத்து உப்பளக் கரையில் நின்று இதனை எண்ணிப் பாருங்கள். எயிற்பட்டினம் என்று சங்கப் பாட்டு பேசும் பழம்பெரும் பட்டினம் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். ஒருபுறம் கடல், மறுபுறம் கழுவெளி, இடையிலே பாத்தி பாத்தியாய் வெண்மை விரிந்து, கதிரவன் ஒளியைக் கண்ணிலே திருப்பி எறியும் உப்பளம். தை, மாசியில் இறங்கும் தொழிலாளி, ஐப்பசி மழை வந்து பாத்தியைக் கரைக்கும்வரை உவர்நீரில் நிற்கிறான். காலிலே வெடிப்பு, கண்ணிலே எரிச்சல், மழைக்காலத்திலே வேலையின்மை. கட்ச் பாலையில் உப்பு வாரும் தொழிலாளர் இறந்தால், உடல் முழுதும் எரிந்த பின்னும் உப்பேறி இறுகிய பாதங்கள் எரியாமல் எஞ்சும் என்பர். உயிரோடு இருக்கும்போதே உப்பிலே பாதி புதைந்தவன் உழைப்பாளி. அவன் வியர்வைக் காசிலேதான், இன்னொரு ஏழையை முழுவதும் புதைக்கும் வேடிக்கைக்கு வசூல்! புதைபவனும் ஏழை, காசு போடுபவனும் ஏழை, இருவருக்கும் இடையே ஒலிபெருக்கியைப் பிடித்திருப்பவன் மட்டும் வேறு!

"அவன் வித்தை கற்றவன், மூச்சடக்குவான், ஒன்றும் ஆகாது" என்பார் சிலர். மூச்சடக்கும் வித்தையை ஒதுக்கி வையுங்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கை எடுங்கள்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் உள்ள அறை ஒன்று குழிக்குள் இருக்கிறது என்று கொள்வோம். மனித உடல் அடைத்த இடம் போக, அங்கே மிஞ்சுவது ஏறத்தாழ 600 லிட்டர் காற்று. அசையாது படுத்திருக்கும் ஆள், மணிக்கு 15 லிட்டர் பிராணவாயுவை உட்கொள்கிறான். 12 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுகிறான். இரண்டரை மணி நேரத்தில் அந்த அறைக் காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு கரியமிலவாயு; மூச்சிரைக்கும், தலை வெடிக்கும். ஐந்து மணி நேரத்தில் நூற்றுக்குப் பத்து, நினைவு தப்பும். பிராணவாயு முற்றும் தீருமுன்பே, தான் விட்ட மூச்சே தனக்கு நஞ்சாகிறது. அச்சத்தால் நெஞ்சு படபடத்தால் கணக்கு இன்னும் குறையும். மேலே மூன்றடி மண் போட்டால், அதன் எடை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. பலகை முறிந்தால் அடுத்த மூச்சுக்கு மார்பு விரியாது. உப்பளத்துக் களிமண்ணோ, உவர்நீர் கசிந்தோடாதபடி காத்துத் தருவது என்பதற்காகவே உப்பு விளைவிக்கத் தேர்ந்த மண். நீரை விடாத மண், காற்றை மட்டும் கருணையோடு உள்ளே விடுமா?

ஏட்டுக் கணக்கு என்று எள்ளி நகையாட வேண்டாம். இலங்கையிலே கந்தளாய் என்னும் ஊர். 2012 மார்ச்சு மாதம். இருபத்து நான்கு வயது இளைஞன் ஒருவன், நெடுநேரம் மண்ணுக்குள் இருந்து உலகச் சாதனை படைப்பேன் என்று பத்தடிக் குழியில் இறங்கினான். மண்ணை மூடியவர்கள் பகைவர் அல்லர், உற்றாரும் நண்பரும்! முன்னர் இரண்டரை மணி நேரமும், ஆறு மணி நேரமும் இருந்து மீண்டவன்தான். காலை ஒன்பதரைக்கு மூடினர். மாலை நான்குக்குத் திறந்தனர். நினைவின்றிக் கிடந்தான், மருத்துவமனையில் பிணம் என்றனர். நேற்று தப்பியது, இன்றும் தப்புவோம் என்பதற்கு உறுதிச்சீட்டு அன்று என்பதை அந்த அரைமணி நேரம் காட்டிற்று.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். 1990 அக்டோபர் 31, கலிபோர்னியாவின் பிரெசுனோ நகரில், கேளிக்கைப் பூங்கா ஒன்றில், ஜோ பர்ரஸ் என்னும் வித்தைக்காரன் கண்ணாடி போன்ற பெட்டிக்குள் படுத்தான். மண்ணையும், அதன்மேல் ஈரச் சிமெண்டுக் கலவையையும் கொட்டினர். பெட்டி நொறுங்கிற்று; பார்க்க வந்தோர் கண்முன்னே அவன் மாண்டான். தளையறுக்கும் வித்தையில் உலகப் புகழ் கொண்ட ஹூடினியே, பெட்டியின்றி ஆறடி மண்ணில் இறங்கி, நினைவிழந்த நிலையில் இழுத்தெடுக்கப்பட்டவன். அவன் செய்த நற்செயல் வேறொன்று. 1926-ல் எகிப்தியப் பக்கிரி என்று விளம்பரப்படுத்திக்கொண்ட ஒருவர், பெட்டிக்குள் உயிரோடிருப்பது தெய்விக ஆற்றல் என்றார். ஹூடினி நியூயார்க் நகரில், நீச்சற்குளத்தில் அமிழ்த்திய மூடுபெட்டிக்குள் ஒன்றரை மணி நேரம் இருந்து வந்து, 'அருளும் இல்லை, ஆவியும் இல்லை. அசையாமல் கிடந்து மெல்ல மூச்சு விட்டேன். அவ்வளவே' என்று உண்மையை உடைத்தான். வித்தைக்காரனுக்கு இருந்த நாணயம், வேதாந்திகளுக்கு இருக்கிறதா?

"லாகூரிலே 1837-ல், ரஞ்சித் சிங் அரசவையில், அரிதாசு என்னும் சாது நாற்பது நாள் புதையுண்டு மீண்டாரே!" என்று பழைய ஏட்டைப் புரட்டுவோர் உண்டு. நாற்பது நாளும் உள்ளே காற்று எவ்வளவு புகுந்தது என்று அளந்த கருவி எது? அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு, அதைக் கேளுங்கள். டில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தில், காற்றுப் புகாத பெட்டிக்குள் இராமானந்த யோகி என்பவரை வைத்துச் சோதித்து, 1961-ல் முடிவை வெளியிட்டனர். அவரது உடல், ஓய்விலே செலவிடும் பிராணவாயுவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. வியப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதியாகக் குறைந்தால் ஐந்து மணி பத்து மணியாகும், அவ்வளவே! கணக்கு நீளும், கணக்கு அழியாது. பயிற்சி பெற்ற யோகிக்கே இதுதான் எல்லை என்றால், ஏழு நாள் தூங்காத சைக்கிள்காரனுக்கு எது எல்லை?

வித்தைக்காரன் பசிக்காகக் குழியில் இறங்கினான். பக்தியின் பெயரால் குழி வெட்டுவோரை என்னென்பது? 2019 செப்டம்பரில், சிவகங்கையை அடுத்த பாசாங்கரையில், முதியவர் ஒருவர் ஜீவசமாதி அடையப் போவதாக அறிவிப்பு. நள்ளிரவிலே ஆயிரக்கணக்கில் கூட்டம்! பொழுது விடிந்தது; சமாதி நிகழவில்லை; மோசடி வழக்குத்தான் பதிவாயிற்று. ஒரு முதியவர் சாவதைக் காணக் கண்விழித்துக் காத்திருந்தோமே என்று கூட்டத்தில் எத்தனை பேர் வெட்கினர்? 2022 செப்டம்பரில், உத்தரப்பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில், நவராத்திரிக்கு முன் சமாதியானால் ஞானம் கிட்டும் என்று இருபத்திரண்டு வயது இளைஞனை ஆறடிக் குழியில் புதைத்தனர். காவலர் ஓடிவந்து தோண்டி, உயிரோடு மீட்டனர். பூசாரிகளின் நோக்கம் பணம் திரட்டுவது என்றது காவல்துறை. ஞானம் அவ்வளவு எளிதில் குழிக்குள் கிடைக்குமெனில், பூசாரி ஏன் முதலில் இறங்கவில்லை?

"விரும்பித்தானே இறங்குகிறான்? தடுப்பதற்கு நாம் யார்?" என்ற வாதம் எழும். இந்த வாதம் புதிதன்று. உடன்கட்டைக்கு வாதாடியோர் அன்று சொன்னதும் இதுவே. "அவள் விரும்பித்தானே ஏறுகிறாள்?" 1829-ல் பென்டிங்க் பிறப்பித்த சட்டம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கைம்பெண்களை எரிப்பதை மட்டுமா தடுத்தது? உயிரோடு புதைப்பதையும் பெயர் சொல்லித் தடுத்தது! 1987-ல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் அவ்வாறே. அக்கொடுமையைப் போற்றிப் புகழ்வதையும் குற்றமாக்கிற்று. பசி பிடரியைப் பிடித்துத் தள்ளும்போது வரும் விருப்பம் விருப்பமன்று. வயிறு நிறைந்த எந்தச் செல்வரின் மகன் இந்தக் குழிக்குள் விரும்பி இறங்கினான்? ஒருவன் பெயரைச் சொல்லுங்கள்!

வித்தையை நாம் வெறுக்கவில்லை. கயிற்றின் மேல் நடப்பவனின் உடற்பயிற்சி கலை. ஏழு நாள் மிதிப்பவனின் உறுதி ஆற்றல். அவற்றுக்குக் கைதட்டுவோம், காசும் கொடுப்போம். குழிக்குள் கிடப்பதில் என்ன கலை? பார்ப்பவன் எதைப் பார்க்கிறான்? மண்ணைப் பார்க்கிறான்! உள்ளே ஒருவன் சாகக்கூடும் என்ற நினைப்பே அங்கே சுவை. மனிதன் இறப்பானா, பிழைப்பானா என்பதைக் கண்டு மகிழும் மனம், ரோமாபுரி அரங்கிலே சிங்கத்தின் முன் அடிமையைத் தள்ளிவிட்டுக் கொக்கரித்த மனத்துக்கு உடன்பிறப்பு.

ஆகவே, தோழர்களே, செய்ய வேண்டியது இது. குழிக்குக் காசில்லை என்று ஊர் சொல்லட்டும். மிதித்த நாளுக்கு முழுக்கூலி என்று ஊர் கொடுக்கட்டும். மூடநம்பிக்கைக் கொடுமைகளுக்கு எதிராக மகாராட்டிரம் 2013-லும், கருநாடகம் 2017-லும் சட்டம் கண்டன. காசுக்காகவோ கடவுளுக்காகவோ உயிருள்ள மனிதரைப் புதைப்பதையும், அதற்கு விளம்பரம் செய்வதையும், வசூல் நடத்துவதையும் வெளிப்படையாகத் தடுக்கும் சட்டவிதி தமிழகத்துக்கும் தேவை. தண்டனை குழிக்குள் கிடப்பவனுக்கு அன்று, ஒலிபெருக்கி பிடித்தவனுக்கு! பள்ளியாசிரியர்கள் அந்த 600 லிட்டர் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டட்டும்.

மரக்காணத்து மண் உப்பு விளையும் மண். ஊருக்கெல்லாம் சுவை தரும் உழைப்பாளி நிமிர்ந்து நிற்க வேண்டிய மண். அங்கே வெட்டப்படும் பாத்திகள் உப்புக்காக இருக்கட்டும். மனிதனுக்காக ஒரு குழியும் வேண்டாம். அவன் மூச்சு நிற்கும் நாள் வரை!