நரம்பில் ஒளிரும் சாயம்

"ஆழ்ந்த அறிவியல் தமிழுக்கு அடங்காது" என்னும் பழம்பாட்டைப் பாடுவார் இன்றும் உளர். அக்கூற்றை எளிய பொருளைக் கொண்டன்று, அரிய பொருளைக் கொண்டே ஆய்ந்து பார்த்தல் வேண்டும். நரம்பணுக்களின் மின்துடிப்பைச் சாயத்தால் கண்டறியும் முறை அத்தகையதொன்று.

நரம்பணுவைச் சூழ்ந்திருப்பது மிக மெல்லிய சவ்வு. அதன் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டு. செய்தி ஓடும்பொழுது, ஏறத்தாழ நொடியின் ஆயிரத்திலொரு பங்கில் அவ்வழுத்தம் ஏறி இறங்குகிறது. அதனை அளக்கக் கூர்ங்கண்ணாடிக் குழலை அணுவினுள் செருகினர். ஒரு குழல் ஓரணுவின் செய்தியையே தரும். பல அணுக்கள் ஒருங்கே துடிப்பதை அறிய அது போதாது. ஆகவே சவ்விற் படியும் சாயங்களைத் தேடினர். அழுத்தம் மாறுந்தோறும் அச்சாயத்தின் ஒளிர்வும் மாறும். அம்மாற்றத்தை ஒளியுணர் கருவி பதிந்துகொள்ளும்.

நரம்பு கிளர்வுறும்பொழுது சாயத்தின் ஒளிர்வு மாறுவதை 1968-இல் தசாகி குழுவினர் வெளியிட்டனர். 1973-இல் சால்சுபெர்கு, தாவிலா, கோகன் ஆகிய மூவர், அட்டைப்பூச்சியின் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பை ஒளியால் பதிந்து காட்டினர். குறையும் உண்டு: ஒளிர்வின் மாற்றம் மிகச் சிறிது, மிகுந்த ஒளி பாய்ச்சினால் சாயம் வெளிறும், அணுவும் கெடும்.

இவ்வளவும் சொல்லத் தமிழ் எங்கே தடுக்கி விழுந்தது? நரம்பு, சவ்வு, மின்னல், சாயம், ஒளி ஆகிய யாவும் கரிசற்காட்டு உழவனும் அறிந்த சொற்கள். அச்சாயத்தை 'மின்னழுத்தமுணர் ஒளிர்சாயம்' என்றால், பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடும்.

பெயரிடும் இத்திறனுக்குக் கோவில்பட்டி வட்டாரமே சான்று. வானம் பார்த்த அந்நிலத்தில் பருத்தியோடு தீப்பெட்டித் தொழிலும் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. தொழில் வெளியிலிருந்து வந்ததே. ஆயினும் தீப்பெட்டி, தீக்குச்சி என்றே அம்மக்கள் வழங்கினர். அச்சொற்களுக்கு அகரமுதலி புரட்டிப் பொருள் தேடியவர் எவருமிலர். பொருளின் பணியே பெயராயிற்று.

அத்தீக்குச்சிகளை அடுக்கிய கைகள் வளர்த்த பிள்ளைகள் இன்று கல்லூரிக்குச் செல்கின்றனர். அங்கே நரம்பியற் பாடத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கேட்கும் மாணவன், அறிவிற் குறைவிலனாயினும், சொல்லுக்கு அஞ்சி வாய்மூடுகிறான். விளங்காததை நெட்டுருச் செய்கிறான். தேர்வில் வென்றாலும் பொருள் அவனுக்கு உரியதாவதில்லை. ஏழை மகனுக்கு இழைக்கப்படும் அறிவு மறுப்பு ஈதே.

ஆகவே தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒருங்கமர்தல் வேண்டும். புதுப்பொருள் வருந்தோறும் அதன் வேலையறிந்து பெயரிட்டு, அப்பெயரைப் பாடநூலில் ஏற்றி, வகுப்பறையில் வழங்குதல் வேண்டும். ஒலிபெயர்த்த அயற்சொல் ஊன்றிய பின்னர் அகற்றுவது அரிது. கோரை வேரோடு முன்னரே களையெடுக்க வேண்டும் என்பது கரிசல் உழவன் அறிந்தது. கற்றோரும் அதனை அறிவாராக.