கட்டற்ற மென்பொருளுக்கும் தாய்ச்சங்கம் வேண்டும்

சங்கம் தொடங்குவது எளிது, நடத்துவதுதான் கடினம். நமது திருவிதாங்கூர்ப் பகுதியில் நடைமுறையிலுள்ள 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். அதன் பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு, நிர்வாகிகள் பட்டியல், வரவு செலவுக் கணக்கு என்று வேலைகள் வரிசையாக வரும். செயலாளருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் எல்லாம் நின்று போகும். அம்பூரி முதல் பாறசாலை வரை நம்மவர் ஆசையோடு தொடங்கிய எத்தனையோ மன்றங்களில் இன்று பெயர்ப் பலகை மட்டுமே மிஞ்சியிருப்பதற்கு இதுவே காரணம்.

இதே நோய் இப்போது கம்ப்யூட்டர் துறையில் தமிழுக்காக உழைப்பவர்களையும் பிடித்திருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படுவது. மலையாளத்தில் 'ஸ்வதந்த்ர சாஃப்ட்வேர்' என்பார்கள். இதன் இந்தியக் கிளை அமைப்பு 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. கேரள அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்கள் இத்தகைய மென்பொருளில்தான் இயங்குகின்றன. பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளையும் சுமைதூக்குபவரின் பிள்ளையும் காசு கொடுக்காமல் கம்ப்யூட்டர் கற்க முடிகிறதென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இது படித்த மேல்தட்டினரின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

தமிழ் எழுத்துரு, தட்டச்சுக் கருவி, பிழை திருத்தி போன்றவற்றை ஆக்குபவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் கண் விழிப்பவர்கள். இணைய முகவரி ஒருவர் பெயரில் இருக்கும். நன்கொடை அவரது சொந்த வங்கிக் கணக்குக்கு வரும். கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் வெளிநாடு போனாலோ, நோயில் விழுந்தாலோ அத்தனை உழைப்பும் பூட்டிய வீடுதான்.

இது கற்பனை அச்சமல்ல. தமிழர்கள் பெரிதும் பயன்படுத்திய எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள், கீமேன் என்ற ஆஸ்திரேலிய மென்பொருளை நம்பி இயங்கின. ஒருவர் 1993இல் உருவாக்கி, சிறு நிறுவனமாக நடத்தி வந்தது அது. 2015இல் எஸ்.ஐ.எல். என்ற ஆதாய நோக்கற்ற அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் அதன் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தனி ஒருவரின் தோளில் இருந்த சுமையை ஓர் அமைப்பு தாங்கியதால் அது பிழைத்தது.

வெளிநாடுகளில் இதற்கு நிலையான ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய 'சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரெஸ்ட்', 2006இல் தொடங்கிய 'சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி' ஆகியவை தாய்ச்சங்கங்கள். நம் பிள்ளைகள் பள்ளி ஐ.டி. பாடத்தில் படம் வரையக் கற்கும் இங்க்ஸ்கேப், கன்சர்வன்சியின் நிழலில்தான் இருக்கிறது.

ரயில்வே தொழிற்சங்கக் கிளையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிளைக்குச் செயலாளர் உண்டு, தீர்மானம் உண்டு. ஆனால் பதிவு எண் தலைமைச் சங்கத்துடையது. அதுபோலவே இங்கும் என்ன எழுதுவது, எதைத் திருத்துவது என்பதை மென்பொருள் குழுவே முடிவு செய்யும். பெயர், இணைய முகவரி, பணம், ஒப்பந்தம், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைத் தாய்ச்சங்கம் பார்த்துக்கொள்ளும். அதற்குக் கூலியாக வரும் நன்கொடையில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும்: முதலாவது அமைப்பு நூற்றுக்கு 5, இரண்டாவது நூற்றுக்கு 10.

சேர விரும்புவோர் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, மென்பொருளின் உரிமம் உண்மையிலேயே கட்டற்றதாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஒரே ஆளின் ராஜ்யமாக இல்லாமல், முடிவெடுக்கும் குழு ஒன்று இருக்க வேண்டும். மூன்றாவது, விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் உரிமைகளையும் கடமைகளையும் எழுத்தில் ஒப்பந்தமாக்க வேண்டும்.

'சேர்ந்தால் நம் சுதந்திரம் போய்விடுமே' என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. தாய்ச்சங்கமே கலைந்துபோவதும் உண்டு. அமெரிக்காவின் ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024 பிப்ரவரியில் மூடப்போவதாக அறிவித்தது. அதை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான குழுக்கள் வேறு இடம் தேடி அலைய நேர்ந்தது. எனவே விலகும் போது பெயரும் பணமும் குழு தேர்ந்தெடுக்கும் மற்றொரு பொதுநல அமைப்புக்குப் போய்ச் சேரும் என்ற விதி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த விதி இல்லாத இடத்தில் கையெழுத்துப் போடக்கூடாது.

நம் நாட்டிலேயே தாய்ச்சங்கம் வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டு நன்கொடை பெற மத்திய அரசிடம் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அவ்வாறு பெற்ற பணத்தை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்குக் கைமாற்றித் தரவும் முடியாது. ஆகவே பத்துச் சிறு சங்கங்களைப் பதிவு செய்துவிட்டு ஒரு பெரிய சங்கத்திடம் பங்கு கேட்பது உதவாது. பத்துக் குழுக்களும் ஒரே சங்கத்தின் கிளைகளாக இருந்தால்தான் அந்தப் பணம் வேலைக்குப் பயன்படும்.

வழிகாட்டியைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2002இல் தொடங்கிய ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங், எழுத்துருக்கள், தட்டச்சுக் கருவிகள் என்று பல வேலைகளை ஒரே பெயரின் கீழ் நடத்தி வருகிறது. 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவையும் அவர்கள் நமக்குத் தந்திருக்கிறார்கள். மலையாளிகள் தமிழுக்கு எழுத்துரு செய்து தரும்போது, தமிழர்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்பது அழகல்ல.

தமிழிலும் 2012இல் மின்னிதழாகத் தொடங்கிய கணியம் இன்று அறக்கட்டளையாக வளர்ந்திருக்கிறது. இப்படி இருக்கும் அமைப்புகளில் தகுதியான ஒன்று, வெளிப்படையான விதிகளோடு மற்றக் குழுக்களையும் கிளைகளாக ஏற்க முன்வர வேண்டும். கேரளத்திலுள்ள தமிழ்ச் சங்கங்கள் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சங்கம் தொடங்கிப் பெயர்ப் பலகை மாட்டுவதை விட, விழாச் செலவில் ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் அதற்கு ஒதுக்கலாம். மாதச் சம்பளம் வாங்கும் நம் போன்ற குமாஸ்தாக்கள் ஒரு வேளைத் தேநீர்க் காசைத் தரலாம். ஆண்டு முடிவில் கணக்கும் கேட்கலாம்.

உழைப்பவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னும் அந்த உழைப்பு நிலைத்திருக்க ஒரு கூரை வேண்டும். பொறுப்பிலுள்ளவர்கள் காலம் தாழ்த்தாமல் ஆவன செய்ய வேண்டும்.